பாசத்தை ஆராய்ந்த டாக்டர் ஜான் பௌல்பி

தலைவர்களைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் நிறைய பேர் எழுதிட்டீங்க. நான் ஒரு மனநல டாக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜான் பௌல்பி 1907 பிப்ரவரி 26 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா பெயர் பெற்ற அறுவை சிகிச்சை டாக்டர். வசதிக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் அம்மாவோடு இருப்பது தினமும் ஒரு மணி நேரம்தான். வளர்த்தது ஆயாக்கள். மின்னி என்ற ஆயா மேல்தான் ஜானுக்கு உயிர். அவருக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் மின்னி போய்விட்டார். அம்மாவையே இழந்த மாதிரி இருந்ததாம்.

வளர்ந்து டாக்டர் ஆனார். 1944-இல், திருட்டுப் பழக்கம் உள்ள 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதில் யார் மேலும் பாசமே இல்லாதவர்கள் 14 பேர். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயசிலேயே அம்மாவை ரொம்ப நாள் பிரிந்தவர்கள்!

அப்போது அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையைப் பெற்றவர்கள் தினமும் பார்க்க முடியாது. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், தனியாக ஏங்கும் ஒரு இரண்டு வயதுக் குழந்தையை 1952-இல் படம் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விதிகள் மாறின.

சின்ன வயசுப் பாசம் பெரியவர்கள் ஆன பிறகும் நம்ம கூடவே வரும் என்றார் பௌல்பி. சிலர் விட்டுட்டுப் போயிடுவாங்களோ என்று பயப்படுவார்கள். சிலர் யாரிடமும் ஒட்டவே மாட்டார்கள். ஆனால் அது தலையெழுத்து இல்லை. நம்பிப் பேச ஒரு நல்ல மனநல டாக்டர் கிடைத்தால், பழைய வலியைத் தைரியமாகத் திரும்பிப் பார்த்து மாற முடியும் என்றும் எழுதினார். 1990 செப்டம்பர் 2 அன்று காலமானார்.

எங்கள் வகுப்பில் அப்பா அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனதால் அம்மாச்சி வீட்டில் வளர்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். நானும் ஒருத்தி. அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளை உருப்படாது என்று ஊரில் பேசுவார்கள். பௌல்பி அப்படிச் சொல்லவில்லை. அம்மா, இல்லாவிட்டால் அம்மா மாதிரி நிலையாகக் கூட இருக்கும் ஒருவர் வேண்டும் என்றுதான் 1951-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதினார். எனக்கு அம்மாச்சி இருக்காங்க.

ஒண்ணாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கேட் பக்கம் நின்று அழுதால் கேலி பண்ணாதீங்க. பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க.