பூச்சியை ஏவிப் பூச்சியை அடக்கியவர்

நம்ம கோவைக் கல்லூரியில் படிச்ச எல்லோருக்கும் டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-ல் எழுதிய பூச்சியியல் கையேடு தெரியும். அதே கோவையில் உழைத்த ராவ் பகதூர் ஒய். ராமச்சந்திர ராவை (1885–1972) இன்றைய தம்பி தங்கைகள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நான் பூவத்துக்காரன், தென்னையை நம்பிய குடும்பம்.

1916 முதல் உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சியைத் தேடி நாடெல்லாம் அலைந்தார். 148 வகை கிடைத்தன. செடியை அடக்க ஒன்றுகூட உதவாது என்று ஒளிக்காமல் எழுதி வைத்தார். உண்ணிச்செடி இன்றைக்கும் காட்டை அடைச்சுக்கிட்டுத்தான் நிற்கிறது. தோல்வியை இப்படிப் பதிவு செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

நீலகிரியில் கதை வேறு. 1928-ல் சீகை மரங்களில் வெள்ளைச் செதில் பூச்சி தென்பட்டது. மறு வருஷமே ரொடோலியா என்ற பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிய அதே வண்டு. இங்கேயும் அது வேலையை முடித்தது.

இனி எங்க தென்னைக்கு வருகிறேன். கருந்தலைப் புழு ஓலைக்கு அடியில் நூலாம்படை கட்டி, பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தோப்பே தீப்பட்ட மாதிரி காய்ந்து நிற்கும். அறுபது அடி உயரத்தில் எவன் ஏறி மருந்தடிப்பான்? டி.டி.டி.யும் வராத காலம் அது. புழுவின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் டிரைக்கோஸ்பைலஸ் என்ற பொடிக் குளவியை வளர்த்து, தோப்பில் விடும் வழியை ராவும் சகாக்களும் மேற்குக் கடற்கரையில் வகுத்தார்கள். செரியன், அனந்தநாராயணனோடு சேர்ந்து 1948-ல் அதை விவரமாக வெளியிட்டார். ஒரு சங்கடம்: அந்தக் குளவிக்குக் கோடை வெயில் ஆகாது; புழுவோ கோடையில்தான் ஆட்டம் போடும். அதனால்தான் இப்போது கோனியோசஸ், பிரக்கான் குளவிகளை விடுகிறோம்.

1930 முதல் 1939 வரை கராச்சியிலிருந்து பாலைவன வெட்டுக்கிளியை ஆராய்ந்தார். பருவமழைக்கு ராஜஸ்தான், சிந்து. குளிர்கால மழைக்கு பலூசிஸ்தான், மக்ரான் கரை. மழையைத் தொடர்ந்தே அது போய்வருகிறது என்று கண்டார். 1939-ல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு பிறந்தது. அவரது பெரும் புத்தகம் அச்சேறிய 1960-ல் அவருக்கு வயது 75.