பலஸ்தீனச் செய்திகளை வாசிக்கும் நாம் சித்திலெப்பையிடம் கற்க வேண்டியது

அறிஞர் சித்திலெப்பையை நினைவுகூரும்போதெல்லாம் அவர் தொடங்கிய பாடசாலைகளைச் சொல்வோம். அவருடைய பத்திரிகையைப் பெயரளவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பலஸ்தீனம் பற்றிய செய்திகளை நாள்தோறும் வாசித்து, பகிர்ந்து, கோபப்படுகிற இந்தக் காலத்தில் அந்தப் பத்திரிகைக்காரரைத்தான் நாம் முதலில் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தந்தையும் சட்டத்தரணி, மகனும் சட்டத்தரணி. வருமானமும் மதிப்பும் நிறைந்த தொழில். இருந்தும் சமூகத்துக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று உணர்ந்து, 1882 டிசம்பர் 21ஆம் திகதி முஸ்லிம் நேசனைத் தொடங்கினார்.

அது எப்படிப்பட்ட ஆண்டு என்று பாருங்கள். ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13ஆம் திகதி தல் அல்கபீர் போரில் அஹ்மத் ஒராபி பாஷாவின் படை தோற்றது. எகிப்து பிரித்தானிய இராணுவத்தின் பிடிக்குள் போனது. அந்நியக் கடன்காரர்கள் நாட்டை நடத்தக் கூடாது, ஆட்சியில் எகிப்தியருக்குப் பங்கு வேண்டும் என்பதுதான் ஒராபியின் கோரிக்கை. ஆனால் லண்டன் வழியாகப் போன செய்திகளில் அவர் கலகக்காரர். குண்டு போட்டவர்கள் ஒழுங்கை நிலைநாட்ட வந்தவர்கள். இலங்கையும் அதே பேரரசின் கீழ் இருந்த நாடு. ஆங்கிலப் பத்திரிகை வாசித்தவருக்கு இங்கே கிடைத்த எகிப்தும் பெரும்பாலும் அந்த எகிப்துதான்.

முஸ்லிம் நேசன் வெளிவந்து மூன்று வாரத்துக்குள், 1883 ஜனவரி 10ஆம் திகதி, நாடு கடத்தப்பட்ட ஒராபியையும் தோழர்கள் ஆறு பேரையும் ஏற்றிய கப்பல் கொழும்பை வந்தடைந்தது. முஸ்லிம்கள் திரண்டு வரவேற்றார்கள். சித்திலெப்பையின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. கலகக்காரர் என்று உலகம் எழுதியவரோடு அவர் நேரில் பழகினார். கல்விப் பணியில் அவரைத் துணையாக்கிக்கொண்டார். எகிப்து, துருக்கிச் செய்திகளைத் தமிழ் வாசகருக்குத் தம் பத்திரிகை வழியாகக் கொண்டுவந்தார். ஒரு தரப்பு மட்டும் பேசிய வழக்கில் மறுதரப்பையும் கேட்பது சட்டத்தரணியின் பழக்கம். பேனாவைப் பிடித்தபோதும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

சொந்தச் சமூகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஆகாது என்றவர்களோடும், பெண்பிள்ளைகளின் படிப்பைத் தடுத்தவர்களோடும் எழுத்தில் மோதினார். எதிர்ப்பு வந்தது, பின்வாங்கவில்லை. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கினார். 1885இல் அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். 1892இல் மருதானையில் தொடங்கி ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவிலும், வாப்பிச்சி மரிக்காருடன் அவருடைய உழைப்பும் இருக்கிறது. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி காலமானார். தற்காலிகம் என்று சொல்லி எகிப்துக்குள் நுழைந்த இராணுவம் முழுதாக வெளியேற 1956ஆம் ஆண்டு வரை ஆனது.

இன்று பலஸ்தீனத்தைப் பற்றி வரும் செய்திகளிலும் அதே பழைய கணக்கைக் காண்கிறேன். மேற்குக் கரை 1967 முதல் இராணுவ ஆக்கிரமிப்பில் இருக்கிறது. பல செய்திகளோ, நேற்று எறியப்பட்ட கல்லிலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. ஒரு தரப்பினர் கொல்லப்படுகிறார்கள். மறுதரப்பினர் யாரும் கொல்லாமலே இறந்துபோகிறார்கள். 2022 மே 11ஆம் திகதி ஜெனினில் செய்தியாளர் ஷிரீன் அபூ ஆக்லா சுட்டுக் கொல்லப்பட்டார். பலஸ்தீனர் சுட்டிருக்கலாம் என்ற பேச்சுத்தான் இஸ்ரேல் தரப்பிலிருந்து முதலில் வந்தது. தன் சிப்பாயின் குண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அந்த இராணுவம் ஒப்புக்கொள்ளச் செப்டம்பர் ஆனது. முதல் நாள் தலைப்பை வாசித்த எத்தனை பேர் செப்டம்பர் செய்தியை வாசித்திருப்பார்கள்?

மன்னார்க்காரனாக இதைத் தூரத்துக் கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனது. போர் முடிந்து மக்கள் முசலிக்குத் திரும்பியபோது வளவுகள் காடாகிக் கிடந்தன. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் நிலம் வர்த்தமானி மூலம் வன ஒதுக்கமாக்கப்பட்டது. 2015இல் அதே மக்கள் வில்பத்துவை அழிக்க வந்தவர்களாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டார்கள். அந்தச் செய்திகளில் பலவற்றில் 1990 என்ற ஆண்டே இல்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லாறு வன ஒதுக்கத்தில் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வெளியேற்றத்தை மறைப்பது தவறு என்றால், வெளியேற்றத்தைக் காட்டித் தீர்ப்பை மறைப்பதும் தவறுதான்.

பலஸ்தீனத்துக்காகப் பேசும் நமக்கும் இதே அளவுகோல்தான். சிரியாவில் எடுத்த படங்கள் காஸாவின் படங்களாக நம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கின்றன. ஒரு பொய்ப் படம் பிடிபட்டால், அதைக் காட்டி நூறு உண்மைப் படங்களைத் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2023 ஒக்டோபருக்குப் பின் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காஸாவுக்குள் சுதந்திரமாகச் செல்ல இஸ்ரேல் இடம் கொடுக்காத நிலையில், உயிரைக் கொடுத்துச் செய்தி அனுப்பியவர்கள் அந்த மண்ணின் செய்தியாளர்கள். நாம் பகிரும் போலிப் படம் முதலில் அவர்களுடைய சாட்சியத்தைத்தான் கெடுக்கிறது.

வரும் செய்தியை விசாரித்துப் பார்க்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. இது யார் சொன்னது, எப்போது, எங்கே எடுத்த படம், மறுதரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பகிர்வோம். தவறாகப் பகிர்ந்துவிட்டால், பகிர்ந்த அதே இடத்திலேயே திருத்தத்தையும் போடுவோம். நம் செய்தித் தளங்களும் இதைச் செய்ய வேண்டும். சித்திலெப்பையின் பெயரில் விழா எடுப்பதைவிட இது அவருக்குப் பொருத்தமான மரியாதை.