சவேரியார் அணிந்த பட்டு



திருமணத்துக்குப் பட்டு உடுத்திச் செல்வது நம் செல்வத்தைக் காட்டவா, அழைத்தவரை மதிக்கவா? பட்டு நெசவோடு வாழும் ஓரிக்கை மக்களாகிய நமக்கு விடை தெரியும். ஏழ்மையை நேசித்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் ஒருநாள் பட்டு உடுத்தினார்.

1506-இல் நவார் நாட்டில் பிறந்த இவர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நைந்த அங்கியும் கையில் மணியுமாக ஊர் ஊராகச் சென்று, மனப்பாடம் செய்த தமிழ்ச் செபங்களைச் சிறுவருக்குக் கற்பித்தார். கடற்கரை மக்கள் அந்த எளிமையில் அன்பைக் கண்டார்கள்.

1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் காகோஷிமாவில் இறங்கினார். நாம் ஆளுக்கேற்ப நீ, நீங்கள், தாங்கள் என்கிறோம். ஜப்பானியரோ வினைச்சொல்லையே ஆளுக்கேற்ப மாற்றுவர். வணங்கும்போது குனியும் அளவும், கொண்டு செல்லும் பரிசும்கூட மரியாதையின் மொழி. 1551 தொடக்கத்தில், கடுங்குளிரில், பேரரசரைக் காணக் கியோட்டோவுக்கு நடந்தார். கந்தல் உடை, வெறுங்கை. 11 நாள்களில் ஏமாற்றத்தோடு திரும்பினார். தென்கடற்கரையில் அன்பாகத் தெரிந்த அதே எளிமை, இங்கே மதிப்புக் குறைவாகத் தோன்றியது.

சவேரியார் மக்கள்மேல் குறை சொல்லவில்லை. தம் வழக்கத்தை மாற்றினார். அதே ஆண்டு பட்டாடை அணிந்து, யமகுச்சியின் ஆட்சியாளர் ஓஉச்சி யோஷிதகாவிடம் சென்றார். கோவாவிலிருந்து வந்த கடிதங்களையும், கடிகாரம், மூக்குக்கண்ணாடி, இசைக்கருவி முதலிய பரிசுகளையும் அளித்தார். போதிக்க அனுமதியும், தங்க ஒரு பழைய மடமும் கிடைத்தன. சில மாதங்களில் ஏறக்குறைய 500 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

ஆனால் மரியாதைக்காக அவர் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. கடவுளைக் குறிக்கத் தாம் பயன்படுத்திய தைனிச்சி என்ற சொல் பௌத்தர்களுடையது என்று அறிந்ததும், அதைக் கைவிட்டு, தேயுஸ் என்னும் இலத்தீன் சொல்லை ஏற்றார். 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரையருகே சான்சியான் தீவில், ஒரு குடிசையில் ஏழையாகவே இறந்தார்.

மனதில் பட்டதைப் பட்டென்று பேசுவதே நம் குணம் என்று பெருமை கொள்கிறோம். அது பிறரை எப்படித் தொடுகிறது என்று எண்ணுகிறோமா? பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதும், அடுத்த வீட்டாரின் வழக்கத்தை அறிந்து நடப்பதும் வெறும் சடங்கல்ல, அவையும் பிறரன்பே. நமக்குப் பழகிய வழியை அயலாருக்காக மாற்றிக்கொள்ளும் தாழ்ச்சியைச் சவேரியாரின் வேண்டுதலால் இறைவன் நமக்குத் தருவாராக.