வேகவீரர் பர்ட் மன்ரோ

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ பிறந்தார். உடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்துவிட்டாள். இக்குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று மருத்துவர்கள் கூறினர். பிழைக்காது என்று கைவிடப்பட்ட அப்பிள்ளைதான் பிற்காலத்தில் பர்ட் மன்ரோ என்னும் பெயரால் உலகறிந்த வேகவீரர் ஆனார்.

எடென்டேல் என்ற சிற்றூரில் இருந்த பண்ணையில் அவர் வளர்ந்தார். தந்தையார் கடிந்துகொண்டபோதிலும், பண்ணையிலேயே விரைந்தோடும் குதிரையைத் தேடி ஏறிச் செல்வது சிறுவனின் வழக்கம். 1920இல் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அமெரிக்காவில் செய்யப்பட்ட அவ்வண்டிக்கு ‘இந்தியன் ஸ்கௌட்’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் இந்திய நாட்டை நினைக்கக்கூடும். அமெரிக்கப் பழங்குடி மக்களை அக்காலத்தில் அழைத்த பெயரே அது. 600 சிசி இயந்திரம் கொண்ட அவ்வண்டி, மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வேகமே செல்ல வல்லது. வாழ்நாள் முழுவதும் மன்ரோ அவ்வண்டியை மாற்றி மாற்றி அமைத்தார்.

1926இல் அப்பணி தொடங்கியது. பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை செய்வார். இரவில் தம் கொட்டகையில் அமர்ந்து இரும்பை அராவுவார். புதிய உதிரிப் பாகங்கள் வாங்கக் கையில் பணமில்லை. ஆகவே அவற்றைத் தாமே செய்தார். பழைய தகரக் குவளைகளை அச்சாகக் கொண்டு உலோகத்தை உருக்கி ஊற்றினார். பிஸ்டனின் அசைவைச் சுழல்தண்டுக்குக் கொண்டு செல்லும் தண்டு மிகுந்த வலிமையுடையதாக இருத்தல் வேண்டும். டிராக்டர் ஒன்றின் பழைய அச்சிரும்பை எடுத்து, கையாலேயே செதுக்கி அதனைச் செய்தார். அளவெடுக்கும் கருவியும் சக்கரக் கம்பி ஒன்றிலிருந்து அவர் செய்துகொண்டதே. நம் தோட்டத்துப் பட்டறைகளில் வேலை செய்யும் பெற்றோர்கள் இதன் அருமையை எம்மினும் நன்கு உணர்வர்.

செய்தவை எல்லாம் நிலைக்கவில்லை. ஓடும்போதே பிஸ்டன்கள் உருகின, தண்டுகள் முறிந்தன, இயந்திரம் பலமுறை சிதறியது. உடைந்த பாகங்களை அவர் குப்பையில் எறியவில்லை. கொட்டகையில் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று எழுதி வைத்தார். தோல்விகளை அவ்வாறு கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்வதற்குத் தனித் துணிவு வேண்டும். ஆனால் இந்த வேட்கைக்கு ஒரு விலையும் இருந்தது. நான்கு பிள்ளைகள் பிறந்த அவருடைய மணவாழ்வு முறிந்தது. பின்னர் அந்தக் கொட்டகையே அவருக்கு வீடாயிற்று. அதனை நாம் புகழ்வதற்கில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் என்னும் உப்பு வெளி இருக்கிறது. பன்னெடுங்காலத்திற்கு முன் பெரிய ஏரியாக இருந்து வற்றிய இடம் அது. குளிர்காலத்தில் அதன் மீது நீர் தேங்கும். கோடையில் நீர் வற்ற, உப்பு இறுகிக் கட்டாந்தரையாகும். மேடு பள்ளமில்லை, மரமில்லை, எதிரே வண்டியும் வராது. வெண்மையான தரையில் வழிகாட்டக் கருங்கோடு ஒன்றை வரைந்து, அதனைப் பின்பற்றி ஓட்டுவர். தோட்டத்துச் செம்மண் சாலையிலும் பெருஞ்சாலையிலும் பறக்கும் இளைஞர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வார்களாக.

1957இல் மன்ரோ அங்கு சென்று பார்த்து வந்தார். 1962இல் தம் ஸ்கௌட் வண்டியைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். அப்போது அவருக்கு வயது 63, இதயமும் நலிவுற்றிருந்தது. அமெரிக்காவில் பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் பின்னே வண்டியை இழுத்துச் சென்றார். இயந்திரம் அப்போது 850 சிசி அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக மீன் போன்ற நீண்ட கூடு ஒன்று வண்டியை மூடியிருந்தது. மணிக்கு 178.97 மைல் வேகத்தில் சென்று, தம் பிரிவில் உலகச் சாதனை படைத்தார். பெரிய நிறுவனங்கள் பொறியியலாளர்களை வைத்துச் செய்யும் வேலையை ஒரு தனிமனிதர் கொட்டகையில் செய்து முடித்திருந்தார்.

அதன் பின்னும் அவர் ஓயவில்லை. ஒருமுறை பெருவேகத்தில் செல்கையில் வண்டி ஆடத் தொடங்கியது. வேகத்தைத் தணிக்க நிமிர்ந்து அமர்ந்தார். காற்று அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது, கண் தெரியவில்லை. கருங்கோட்டை விட்டு விலகி, இரும்புக் கம்பம் ஒன்றை மயிரிழையில் தவிர்த்து, வண்டியை உப்பின் மீது சாய்த்துச் சறுக்கவிட்டு உயிர் தப்பினார். சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார்.

1967 ஆகஸ்டில் வண்டிக்கு வயது 47, ஓட்டியவருக்கு 68. இயந்திரம் 950 சிசி. தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மணிக்கு 190.07 மைல் சென்றார். ஆயினும் சாதனை என்பது ஒரே ஓட்டத்தால் முடிவாவதன்று. போகவும் வரவும் ஓடி, இரண்டின் சராசரியைக் காண வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட வேகம் 183.586 மைல், அதாவது 295 கிலோமீட்டருக்கு மேல். நம் பள்ளித் திடலின் நூறு மீட்டர் ஓட்டத்தை ஒன்றேகால் விநாடிக்குள் முடிக்கும் வேகம் அது.

1977இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. வண்டிகளை இன்வர்கார்கில் நகர வணிகர் ஒருவரிடம் விற்றார். 1978 ஜனவரி 6ஆம் நாள் காலமானார். 2005இல் அவர் கதை திரைப்படமாக வந்து உலகெங்கும் ஓடியது.

அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 2014இல் அவருடைய மகன் பழைய பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எண்கள் பொருந்தவில்லை என்பதைக் கண்டார். வடக்கு நோக்கி 184.710 மைல், தெற்கு நோக்கி 183.463 மைல். கணக்கு வல்ல மாணவர்கள் இவ்விரண்டின் சராசரியைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தாரும் மீண்டும் கணக்கிட்டனர். 1967இல் எழுதியவர் கூட்டலிலோ வகுத்தலிலோ தவறியிருந்தார். சாதனை 184.087 மைல் என்று திருத்தி எழுதப்பட்டது. அரை மைல்தான் கூடுதல். அதற்காக அவர் எத்தனை இரவுகள் இரும்பை அராவியிருப்பாரோ!