மந்தையைக் காத்த மாமேதை

தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. அந்தச் செல்வம் கொள்ளைநோயால் சில நாள்களில் அழிந்தால் ஒரு குடும்பமே நிலைகுலைந்துவிடும். அதனால்தான் கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கு லூயி பாஸ்டரின் வாழ்க்கை மனத்துக்கு நெருக்கமானது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு அவர் பெயரை நாம் பள்ளியிலேயே மனனம் செய்துவிட்டோம். ஆனால், ஆடுமாடுகளுக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பலரும் அறிவதில்லை.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சின் டோல் நகரில், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். 1865இல் அவருடைய ஆசிரியர் டூமா, தென் பிரான்சின் பட்டுப்புழுக்களை அழித்துவந்த நோயை ஆராயும்படி அழைத்தார். பாஸ்டர் கண்ட வழி எளிமையானது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டைகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும். நோயற்ற வித்திலிருந்தே கூட்டத்தை வளர்க்க வேண்டும் என்ற இந்தப் பாடம் இன்றும் பண்ணைகளுக்குப் பொருந்துகிறது. அந்த ஆய்வுக் காலத்திலேயே அவர் இரண்டு மகள்களைப் பறிகொடுத்தார். 1868இல் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை முடக்கியது. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை.

பின்னர் அவர் கவனம் அடைப்பான் நோயின்பால் திரும்பியது. இந்நோய்க் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை ஜெர்மானியர் ராபர்ட் கோக் 1876இல் விளக்கியிருந்தார். பிரான்சில் சில மேய்ச்சல் நிலங்களைச் சபிக்கப்பட்டவை என்றே உழவர்கள் ஒதுக்கினர். அங்குப் புதைக்கப்பட்ட ஆடுகளின் உடலிலிருந்து கிருமியின் வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்றார் பாஸ்டர். இறந்த விலங்குகளை மேய்ச்சல் நிலத்தில் புதைக்காதீர்கள் என்று அவர் கூறிய அறிவுரை எத்தனை மந்தைகளைக் காத்திருக்கும்!

1881ஆம் ஆண்டு மே மாதம் பூயி-லெ-ஃபோர் என்னும் சிற்றூரில், ஊரறிய ஒரு சோதனை தொடங்கியது. 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகள் ஆகியவற்றுக்கு இருமுறை தடுப்பூசி போடப்பட்டது. மே 31ஆம் நாள் இவற்றுக்கும், தடுப்பூசி பெறாத விலங்குகளுக்கும் கொடிய கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் நாள் கூட்டம் திரண்டது. தடுப்பூசி பெற்ற ஆடுகள் உயிரோடு நின்றன. பெறாத ஆடுகளில் பெரும்பாலானவை இறந்துகிடந்தன. எஞ்சியவையும் அன்றே மடிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் லட்சக்கணக்கான ஆடுகள் தடுப்பூசி பெற்றன.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஓர் உண்மை மறைந்திருந்தது. காற்றின் உயிர்வளியால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமியையே பாஸ்டர் பயன்படுத்தினார் என உலகம் நம்பியது. உண்மையில் அது அவருடைய துணைவர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு தயாரித்த ஊசி. வேதிப்பொருளால் கிருமியை அடக்கும் வழியில் அவருக்கு முன்பே நடந்தவர் துலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் துசேன். அவர் 1890இல், 43ஆம் வயதில், உரிய புகழின்றி மறைந்தார். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் படித்த வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன், 1995இல் வெளிவந்த நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார்.

இதனால் பாஸ்டர் சிறியவராகிவிடுவாரா? இல்லை என்பதே என் கருத்து. மலேசியாவில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா பரவியபோது தடுப்பூசி இல்லை. ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றே நோயை நிறுத்த முடிந்தது. இதை எண்ணும்போதுதான், மந்தையை உயிரோடு காக்க வழிகாட்டியவரின் அருமை புரிகிறது. எனினும், துசேனுக்குரிய நன்றியை அவர் கொடுத்திருந்தால் அவர் புகழில் எதுவும் குறைந்திருக்காது.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். பாரிசில் அவர் பெயரைத் தாங்கிய ஆய்வுக்கழகத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஆய்வேடு எழுதப்போகும் நண்பர்களே, அவரிடமிருந்து உழைப்பைக் கற்போம். துசேனை நினைத்து, நமக்கு முன் நடந்தவரின் பெயரையும் மறவாமல் எழுதுவோம்.