நரம்பின் வழியைக் கண்ட சந்தியாகோ கஹால்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆனால், பதினொரு வயதில் சொந்தமாகப் பீரங்கி செய்து, அண்டை வீட்டாரின் வாயிற்கதவைத் தகர்த்துச் சிறைக்குப் போன ஒரு சிறுவனைப் பார்த்து, இவன் பின்னாளில் நோபல் பரிசு பெறுவான் என்று யார்தான் சொல்லியிருப்பார்கள்? அச்சிறுவன்தான் நரம்பியலின் தந்தை என்று உலகம் போற்றும் சந்தியாகோ ரமோன் இ கஹால். நாம் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனிதரின் பெயரே அவருடைய பெயரும்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பெத்தில்யா என்னும் மலைக்கிராமத்தில் 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர், கண்டிப்பு மிக்கவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ ஓவியம்தான் உயிர். ஹாக்கா நகரில் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்த்தும் படிப்பில் மனம் செல்லவில்லை. சலித்துப்போன தந்தை, அவனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார்.

1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தைக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. மகனைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த பழைய எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைய வரைய மகனுக்கு மருத்துவத்தில் ஆர்வம் பிறந்தது. தந்தை தடுத்த அதே ஓவியமே அவனைத் தந்தையின் வழிக்குக் கொண்டுவந்தது!

1873இல் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், இராணுவ மருத்துவராகக் கியூபாத் தீவுக்குச் சென்றார். அங்கு மலேரியாவால் நலிந்து 1875இல் தாயகம் திரும்பினார். சேமித்த சம்பளத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அதுவே அவருடைய வாழ்நாள் தோழனாயிற்று.

இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்ஜி, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்புச் செல்களுக்குக் கருநிறம் ஏற்றும் முறையை 1873இல் கண்டுபிடித்திருந்தார். 1887இல் அதனைக் கண்ணுற்ற கஹால், அம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். கோழிக் கருவை ஆராய்ந்த கஹாலோ, ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனியானது என்று 1888இல் எழுதினார். அதை வெளியிடத் தாமே ஓர் இதழையும் தொடங்கினார். 1889இல் பெர்லின் மாநாட்டுக்குச் சென்று, தம் கண்ணாடித் தகடுகளை அங்கிருந்த பேரறிஞர்களுக்குக் காட்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் அவற்றைக் கண்டு வியந்து, அன்றுமுதல் அவருக்கு ஆதரவாளரானார்.

இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்தது. நரம்புகள் தனித்தனி என்றால், கருவில் வளரும் ஒவ்வொரு நரம்பும் தான் சேர வேண்டிய இடத்தை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? 1890இல், வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு போன்ற ஓர் அமைப்பை அவர் கண்டார். 1892இல் தம் கருத்தைத் துணிந்து வெளியிட்டார். சேர வேண்டிய இடத்திலுள்ள செல்கள் ஒரு பொருளைச் சுரக்கின்றன. நுனிக்கூம்பு அதனை உணர்ந்து அத்திசையில் வளர்கிறது என்பதே அக்கருத்து. அப்பொருளை அவர் கண்ணால் கண்டதில்லை.

1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால், கோல்ஜி பரிசு பெற்ற மேடையிலும் கஹாலின் கொள்கையை ஏற்கவில்லை. 1934 அக்டோபர் 17ஆம் நாள் கஹால் மாத்ரித் நகரில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி! இத்தாலியைச் சேர்ந்த ரீத்தா லெவி மொந்தால்சினி, யூதர் என்பதால் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் பணியை இழந்தவர். தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருவை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில், 1950களில், ஸ்டான்லி கோஹெனுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிப் புரதத்தைக் கண்டறிந்தார். இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புரதம் எல்லாச் செல்களிலும் வேலை செய்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்னும் வேறொரு புரதம் இருக்க வேண்டும். இது திறவுகோல் என்றால் அது பூட்டு. நரம்பு வளர்ச்சிப் புரதத்திற்குரிய டிரக்-ஏ என்னும் ஏற்பி 1991இல் அறியப்பட்டது. அதன் உடன்பிறப்புகள் போன்ற வேறு புரதங்களுக்கு டிரக்-பி, டிரக்-சி என்னும் ஏற்பிகள் உண்டு. உரிய புரதம் வந்து பொருந்தியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, செல்லுக்குள் செய்தி அனுப்புகின்றன. பிழைத்திரு, வளர் என்பதே அச்செய்தி. அது கிடைக்காவிடில், கருவில் அப்புரதத்தை நம்பியுள்ள நரம்புச் செல் மடிந்துவிடும்.

நரம்பிழையைத் தன்பால் ஈர்த்து வழிகாட்டும் நெட்ரின் என்னும் புரதமும் 1994இல் கோழிக் கருவிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. வழிகாட்டுபவர் எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கஹால் 1892இல் சொன்னது மெய்யென விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அன்புத் தோழியரே! நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்து திட்டு வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு. இறைவன் தந்த எந்தத் திறமையும் வீணல்ல என்பதைக் கஹாலின் வாழ்க்கை காட்டுகிறது. நம் உழைப்பின் பலனை நாமே காண முடியாமற் போகலாம். ஆயினும் உண்மைக்காக உழைப்போம். நாம் விட்ட இடத்திலிருந்து தொடர ஒருவர் வருவார்.