13 வயதில் ஏற்ற பொறுப்பு

பிள்ளை பருவ வயதை அடைந்ததும் தொழுகையும் நோன்பும் அவன்மீது கடமையாகி விடுகின்றன. மலக்குகள் அவனது ஏட்டில் எழுதத் தொடங்கி விடுகிறார்கள். நாமோ மீசை முளைத்த மகனையும் சின்னப் பையன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் திருமங்கலம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை திருநெல்வேலிக்குப் போகிறது. அந்தத் திருநெல்வேலியில் 1896-ல் பிறந்தவர்தான் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். தந்தை மியாகான் ராவுத்தர் மார்க்கம் கற்ற மவ்லவி. மகன் சிறுவனாக இருக்கும்போதே வஃபாத்தாகி விட்டார். அரபியும் மார்க்கமும் சொல்லிக் கொடுத்தவர் தாயார். அந்த எத்தீம் பிள்ளை 1909-ல், தன் 13-ஆம் வயதில், பேட்டையில் முஸ்லிம் வாலிபர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்!

1920-ல் சென்னையில் பி.ஏ. படிப்பின் கடைசிக் கட்டம். ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது, தேர்வைப் புறக்கணித்தார். அந்தக் காலத்தில் பட்டம் என்றால் சர்க்கார் உத்தியோகம். தகப்பன் இல்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்துதான் விட்டார்.

பிறகு தோல் வணிகம், அரசியல் நிர்ணய சபை, மஞ்சேரி மக்களின் பிரதிநிதியாக மூன்று தடவை நாடாளுமன்றம். 1972-ல் வஃபாத்தானார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் மகனையும் கூட்டிக்கொண்டு போய் துஆச் செய்துவிட்டு வாருங்கள்.